ஏழரை அங்குலம்

கரமனையில் எங்கள் தெருவுக்கு வந்து யாரிடம் கேட்டாலும் என் வீட்டைக் காட்டுவார்கள். "ஓ, ஆபீசர் ஆத்துக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் காட்டுவார்கள். வாசல் நிலைக்குப் பக்கத்தில் 'எஸ். சாம்பசிவன், தகவல் அதிகாரி' என்று ஒரு பலகை தொங்குகிறது. நீலப் பலகை, வெள்ளை எழுத்து. நான் சொல்லப்போவது 1999இல் நடந்தது. அப்போது அந்தப் பலகைக்கு வயது பதினொன்று. அதில் என் பெயர் வரைக்கும் உண்மை, பெயருக்குப் பின்னால் இருந்தது பொய்.

வேண்டுமென்று சொன்ன பொய் அல்ல. 88ஆம் வருஷம் பதவி உயர்வுப் பட்டியலில் உம்ம பேர்தான் முதலில் என்று ஆபீசில் நாலு பேர் சொன்னார்கள். அன்று சாயங்காலமே கிழக்கேகோட்டையில் பலகை எழுதுகிறவரிடம் போய் நின்றேன். என் மனைவி சீதாலக்ஷ்மி தெரு முழுக்கப் பால்பாயசம் கொடுத்தாள். பட்டியல் வந்தது. முதல் பேரும் என் பேர் இல்லை, கடைசிப் பேரும் என் பேர் இல்லை. பலகையைக் கழற்றிவிடலாம், குடித்த பாயசத்தை எப்படித் திருப்பி வாங்குவது? தொங்கட்டும், அடுத்த வருஷம் உண்மையாகிவிடும் என்று விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் சீதாலக்ஷ்மி அதை ஈரத்துணியால் துடைப்பாள். துடைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அதற்குப் பயந்தே வெள்ளிக்கிழமைகளில் நான் ஆபீசுக்குச் சீக்கிரம் கிளம்புவேன்.

ஆபீசில் நான் தகவல் உதவியாளர், மூன்றாம் நிலை. நான்காம் நிலை என்று ஒன்று கிடையாது. ஐம்பத்திரண்டு வயது முடிந்தவனுக்கு அதிகாரி பதவி இல்லை என்பது விதி. எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயதும் ஒன்பது மாதமும் ஆகியிருந்தது.

வான்கடல் தொழில்நுட்பத் தகவல் நிலையம் என்பது எங்கள் ஆபீசின் பெயர். பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு குன்றின்மேல் மூச்சு வாங்க ஏறிப் போகவேண்டும். தகவல் கேட்டு யாரும் சுலபமாக வந்துவிடக் கூடாது என்று யோசித்துத்தான் இடம் பார்த்திருக்கிறார்கள். கட்டடத்தின் இடது பக்கம் ஆகாயப் பிரிவு, அதற்குத் தலைவர் குறுப்பு சார். வலது பக்கம் ஜலப் பிரிவு, அதற்குத் தலைவி சரோஜம் மேடம். இருவருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆகாயப் பிரிவின் வராந்தாவில் குடிதண்ணீர் கூலரை வைத்ததில் வந்த சண்டை அது. தண்ணீர் ஜலப் பிரிவின் விஷயம் என்று மேடம் எழுதினார். கூலரிலிருந்து வருவது குளிர்ந்த காற்றும்தான் என்று குறுப்பு சார் பதில் எழுதினார். அந்த ஃபைல் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது, கூலர்தான் நின்றுபோய்விட்டது.

வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் கருவிகளைப் பற்றி வழவழவென்று கலர்ப் புத்தகம் அச்சடித்து உலகம் பூராவும் இலவசமாகத் தபாலில் அனுப்புவார்கள். எங்களுக்கும் வரும். விமானம் படம் போட்டிருந்தால் குறுப்பு சார் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பூட்டிவைப்பார். கப்பல் படம் போட்டிருந்தால் சரோஜம் மேடம் பூட்டிவைப்பார். ஒரே படத்தில் வானமும் கடலும் இருந்தால் ரெண்டு பேருமே தொடமாட்டார்கள். அதற்கென்று என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பிரம்புக் கூடை உண்டு. 'ஏற்பாரில்லாதவை' என்று அதில் சீட்டு ஒட்டியிருக்கும். வருஷா வருஷம் மார்ச் மாதம் அந்தக் கூடையைக் காலி பண்ணுவது என் பொறுப்பு. பத்தொன்பது வருஷத்தில் நான் ஒரு குறையும் வைக்காமல் செய்த வேலை அது ஒன்றுதான்.

அந்த வருஷம் ஜூன் மாதம் டெல்லியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஹெலிகாப்டரால் இழுக்கப்படும் சோனார், கடலடி வெடிகளைத் தேடும் கருவிகள், இவற்றைப் பற்றிய தொழில்நுட்பத் தகவலைப் பதினைந்து நாளுக்குள் அனுப்பவேண்டும். விஷயம் ஒன்றும் பிரமாதமில்லை. கடலுக்கடியில் எதிரி வெடி போட்டுவைத்திருந்தால் கப்பலை விட்டுத் தேட முடியாது, கப்பலே வெடித்துவிடும். அதனால் மேலே ஹெலிகாப்டர் பறக்கும். அதிலிருந்து ஒரு கயிறு தொங்கும். கயிற்றின் நுனியில், தண்ணீருக்குள், மீன் மாதிரி ஒரு கருவி. அது சத்தம் எழுப்பி, எதிரொலியைக் கேட்டு, வெடி எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிக்கும். அவ்வளவுதான்.

டைரக்டர் ராமசுப்ரமணியன் அவசரக் கூட்டம் போட்டார். தஞ்சாவூர்க்காரர், நெடிய உருவம், பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

"இந்த நிலையம் தொடங்கி இருபத்திரண்டு வருஷம் ஆறது," என்றார். "இருபத்திரண்டு வருஷத்துல ஒருத்தர்கூட நம்மகிட்ட ஒரு தகவல் கேட்டதில்லை. அதனாலதான் நம்ம தகவல் அத்தனையும் பத்திரமா இருக்கு. இப்போ முதல் தடவையா நம்ம நம்பகத்தன்மைக்கு ஒரு சோதனை வந்திருக்கு. கேட்டுட்டாளேன்னு நாம நிலைகுலைஞ்சு போயிடப்படாது."

எல்லாரும் கைதட்டினோம். நான் கொஞ்சம் பலமாகத் தட்டினேன், மூன்று மாதம்தானே இருக்கிறது.

குறுப்பு சார் எழுந்தார். அவர் மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார். "ஹெலிகாப்டர் ஞங்களோடதானு, சம்மதிச்சு. பட்சே கேட்டிருக்கறது சோனார். அது வெள்ளத்துக்கு உள்ள கெடக்கற சாதனம். எனக்கு அதுல கையொப்பு போட அதிகாரம் இல்லா." வெள்ளம் என்று அவர் சொன்னது தண்ணீரை.

சரோஜம் மேடம் உட்கார்ந்தபடியே, டைரக்டரைப் பார்த்துச் சொன்னார். "சோனார் எங்களோடதுதான் சார். ஆனா அதை இழுக்கறது ஆகாசத்துல இருந்தல்லே? ஆகாசத்துல நடக்கிற ஒரு காரியத்துக்கு ஜலப் பிரிவு சமாதானம் பறய முடியுமோ?"

"ஹெலிகாப்டர் அவர், சோனார் நீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து எழுதிட்டாப் போச்சு," என்றார் டைரக்டர்.

"அப்போ கயிறு?" என்றார் குறுப்பு சார்.

கயிற்றை யாரும் யோசித்திருக்கவில்லை. மேல் பாதி காற்றில் இருக்கிறது, கீழ்ப் பாதி தண்ணீரில் இருக்கிறது. கயிறு யாருடையது?

மறுநாள் கயிறு ஆய்வுக் குழு அமைந்தது. பியூன் நெல்லையப்பன் ஒரு வாளித் தண்ணீரும், சணல் நூலில் கட்டிய பேப்பர் வெயிட்டும் கொண்டுவந்தான். நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டு அவனை ஸ்டூல் மேல் ஏறி நிற்கச் சொன்னார்கள். பேப்பர் வெயிட் வாளிக்குள் முங்கியிருந்தது. குழு வாளியைச் சுற்றி நின்று மூன்று மணி நேரம் பார்த்தது. தண்ணீருக்கு மேலே உள்ளது ஆகாயம், கீழே உள்ளது ஜலம் என்று முதல் அரை மணியிலேயே முடிவாகிவிட்டது. நெல்லையப்பனுக்குக் கை வலித்து நூல் ஆடியபோதுதான் சிக்கல் வந்தது. ஆடும்போது நூல் கொஞ்சம் நனைகிறது, கொஞ்சம் காய்கிறது. நனைந்தும் நனையாமலும் இருக்கிற அந்த நாலு அங்குலம் யாருக்கு?

"சாரே, நான் எறங்கட்டா? காலு மரத்துப் போச்சு," என்றான் நெல்லையப்பன்.

"அனங்கருது!" என்றார் குறுப்பு சார். அசையாதே என்று அர்த்தம்.

அந்த நாலு அங்குலத்தைப் பற்றி டெல்லிக்கு எழுதி விளக்கம் கேட்பது என்று முடிவாயிற்று. பதினைந்து நாளில் ஐந்து நாள் போயிருந்தது. டைரக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"சாம்பசிவன், ஒக்காருங்கோ. நீங்க ஆகாயமா, ஜலமா?"

"ரெண்டும் இல்லை சார். நான் கூடைக்குப் பக்கத்துல இருக்கேன்."

"அதான் வேணும். கயிறு உங்க பொறுப்பு. கயிறு உங்ககிட்ட இருந்தா அதோட ரெண்டு நுனியும் உங்ககிட்ட வந்துடறது இல்லையா? பத்து நாள். தகவலோட வாங்கோ. உங்க ப்ரமோஷன் ஃபைல் இதோ இந்த டிராயர்ல இருக்கு. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

டிராயரைத் திறந்து காட்டவும் செய்தார். என் பேர் எழுதிய ஃபைலை நான் கண்ணால் பார்த்தேன். பஸ்ஸில் வரும்போது எனக்கு வீட்டுப் பலகைதான் ஞாபகம் வந்தது. பதினோரு வருஷப் பொய்யைப் பத்து நாளில் உண்மையாக்கிவிடலாம் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

குறுப்பு சாரிடம் போனேன். நல்ல மனுஷன், அலமாரியைத் திறந்து ஒரு படத்தைக் கொடுத்தார். ஹெலிகாப்டர் அருமையாக இருந்தது. வயிற்றுக்குக் கீழே ஒரு விரற்கடைக் கயிறோடு கத்தரிக்கோலால் வெட்டியிருந்தது. "தாழெ உள்ளது ஞங்களோட விஷயமில்லா," என்றார். சரோஜம் மேடம் கொடுத்த படத்தில் சோனார் இருந்தது. அலைக்கு மேலே வெட்டியிருந்தது. "மேல உள்ளது நாங்க வச்சுக்கறதில்லை, கேட்டோ," என்றார். ரெண்டையும் என் மேஜையில் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தேன். மேல் படத்துக் கயிறு கட்டைவிரல் தண்டிக்கு இருந்தது. கீழ்ப் படத்துக் கயிறு முருங்கைக்காய் தண்டிக்கு இருந்தது. எந்த ஊரிலும் ஒரு கயிறு நடு வழியில் அப்படிப் பருத்திருக்காது.

தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு எதிரே லாட்ஜ் ஒன்றின் மாடியில் அப்போது புதிதாக இன்டர்நெட் கடை திறந்திருந்தார்கள். அங்கே போனால் உலகத்தில் எதுவும் கிடைக்கும் என்று நெல்லையப்பன் சொன்னான். ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் நான் எழுதிக்கொடுத்ததைத் தட்டினார். படம் ஒன்று வரத் தொடங்கியது. மேலிருந்து ஒவ்வொரு வரியாக வந்தது. விசிறி வந்தது. உடம்பு வந்தது. இருபது நிமிஷம் கழித்து வயிறு வந்தது. கயிறு தொடங்கியது. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். கயிறு இறங்கி இறங்கிக் கடலைத் தொட ஒரு விரற்கடை இருக்கும்போது கரண்டு போயிற்று. அந்தப் பகுதிக்குத் தினமும் அரை மணி கரண்டு கட்டு உண்டு, அது எனக்குத் தெரியும், ஆனாலும் போய் உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் போனேன். மறுநாளும் அதே விரற்கடை.

பதினாலாம் நாள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். சீதாலக்ஷ்மி காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"என்னன்னா, மொகம் செத்துக் கெடக்கு? சொல்றேளா, இல்லே நானா கண்டுபிடிக்கணுமா?"

சொன்னேன். டெல்லி, கயிறு, டிராயர், எல்லாவற்றையும் சொன்னேன். நாளையோடு முடிந்தது, இந்த ஜன்மத்தில் நான் அதிகாரி இல்லை, பலகையை நாளைக்கே கழற்றிவிடலாம் என்று சொல்லி முடித்தேன். ஐம்பத்தொரு வயதில் அழுகை வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

அவள் யோசித்தாள். "கயிறு கட்டித் தொங்கவிட்ட ஹெலிகாப்டரா? கீழே சமுத்திரத்துல மீனாட்டம் ஒண்ணு? மஞ்சள் வர்ணத்துல?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நல்லாருக்கே! நித்தம் மூணு வேளை பாத்துண்டிருக்கேனே. கடுமாங்காய்ப் பரணியடியிலே இருக்கு."

சமையலறைக்கு ஓடினேன். இங்கேதான் நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மார்ச் மாதம் அந்தக் கூடையைக் காலி பண்ணுவேன் என்றேன் அல்லவா? காலி பண்ணி எங்கே கொண்டுபோனேன் என்று சொல்லவில்லை. வழவழப்பான தாள், எண்ணெய் பட்டாலும் சுலபத்தில் கிழியாது, கரப்பான் அரிக்காது. பத்தொன்பது வருஷமாக எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரித் தட்டுகளில் விரிப்பது அதுதான். எண்ணெய்த் தூக்குக்கு அடியில் ஒரு நீர்மூழ்கி. உப்பு மரவைக்கு அடியில் ஒரு ரேடார். மூன்றாம் தட்டில், கடுமாங்காய் ஊறுகாய் போட்ட பீங்கான் பரணிக்கு அடியில், நான் ஒன்பது நாளாக ஊரெல்லாம் தேடிய ஹெலிகாப்டர். ஆகாயம் முழுசாக இருந்தது. கடல் முழுசாக இருந்தது. நடுவில் கயிறு ஒரே தண்டியில் நேராக இறங்கித் தண்ணீருக்குள் போயிருந்தது. கயிற்றின் நீளம், இழுக்கும் வேகம், எவ்வளவு ஆழம் வரை வெடியைக் கண்டுபிடிக்கும் என்று ஓரத்தில் அட்டவணையே போட்டிருந்தது.

"கையிலே வெண்ணெயை வச்சுண்டு நெய்க்கு அலையறதுன்னு கேட்டிருக்கேன். இப்போதான் ஆளைப் பாக்கறேன்," என்றாள் சீதாலக்ஷ்மி.

பரணியைத் தூக்கித் தாளை உருவினேன். எண்ணெய் ஊறி, கடலின் நடுவில் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. பரணியின் அடிவட்டம். அதற்குள் மிளகாய்ப்பொடி பட்டுச் சிவப்பாக ஒரு புள்ளி. கடலை மாவு போட்டுத் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை.

"போனாப் போறது. விஷயம்தானே வேணும் அவாளுக்கு? ஆனா எனக்கு வேற தாள் கொண்டுவரணும், கேட்டேளா. தட்டு வெறுமன இருக்கப்படாது."

பதினைந்தாம் நாள் காலை அந்தத் தாளை டைரக்டரின் மேஜையில் வைத்தேன். ரெண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடுமாங்காய் வாசனையும் வந்திருக்கும். மணியை அடித்தார். நெல்லையப்பன் ரப்பர் ஸ்டாம்பு கொண்டுவந்தான். ஊர் உலகத்துக்கெல்லாம் விளம்பரத்துக்காக அச்சடித்து அனுப்பிய தாளின் தலையில் 'அதிரகசியம்' என்று குத்தினார்.

பிறகு கூட்டம். தாளைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கயிறு முழுசாக இருந்ததால் குறுப்பு சாரும் சரோஜம் மேடமும் ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரே சுவரைப் பார்த்தார்கள். முதலில் வட்டத்தைக் கவனித்தது மேடம்தான்.

"சார், அச்சடிச்ச வர்ணம் இல்லை இது. ஆரோ பிற்பாடு கையால வரைஞ்சிருக்கா."

குறுப்பு சார் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு கிட்டப் போனார். "கரெக்டா கயிற்றோட தாழெ வருது. சோனார் தேடுற பரப்பு இதாக்கும். உள்ளே சுவப்பு நிறத்துல ஒரு புள்ளி கண்டோ? அதானு வெடி!"

சபையே மூச்சு விட்டது. டைரக்டர் கண்ணை மூடிக்கொண்டார். "கம்பெனிக்காரன் இந்த வட்டத்தைப் பத்தி அட்டவணையிலே ஒரு வார்த்தை எழுதலை, கவனிச்சேளா? எதை எழுதாம விட்டிருக்கானோ அதுதான் ரகசியம். எழுதினது எல்லாருக்கும் தெரியும். எழுதாததைக் கண்டுபிடிக்கத்தான் நம்ம மாதிரி நிலையங்கள் இருக்கு."

ஸ்கேல் கொண்டுவந்து அளந்தார்கள். குறுக்களவு ஏழரை அங்குலம். குறிப்பேட்டில் ஏறியது.

நான் எழுந்தேன். நான் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை, ஆனால் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "சார், அந்த வட்டம் வந்து..."

டைரக்டர் கையை உயர்த்தினார். "சாம்பசிவன், இது இப்போ அதிரகசியம். அதிரகசியத் தாளைப் பார்க்க மூன்றாம் நிலைக்கு அனுமதி கிடையாது. நீங்க இதைப் பத்திப் பேசப்படாது. சொல்லப்போனா நீங்க இந்த ரூம்லயே இருக்கப்படாது."

வெளியே வந்தேன். வராந்தாவில் நெல்லையப்பன் நின்றான்.

"என்ன சாரே, வெளியே தள்ளிட்டாவளா?"

"ஆமாப்பா. நான் கொண்டுவந்த தாளை நான் பாக்கக் கூடாதாம்."

"நல்லதாப் போச்சு. உள்ள இருந்தா அடுத்து உங்களை ஸ்டூல்ல ஏத்துவாவ," என்றான்.

டெல்லியிலிருந்து பாராட்டு வந்தது. ஹெலிகாப்டரைப் பற்றியோ அட்டவணையைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை. அந்தத் தாள் அவர்களிடம் ஏற்கெனவே நாலு பிரதி இருந்ததாம். எங்கள் பிரதியில் மட்டும்தான் வட்டம் இருந்தது. வட்டம் அவர்களைத் தூக்கிவாரிப் போட்டுவிட்டது. தகவலைக் கொண்டுவந்தவர் அந்த வட்டத்தைப் பற்றி எழுத்து மூலம் விளக்கம் தரவேண்டும், அதற்காக அவருக்கு ஒரு நாளைக்கு மட்டும் அதிரகசிய அனுமதி வழங்கப்படுகிறது என்று உத்தரவு போட்டிருந்தார்கள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நாளைக்காவது பேச அனுமதி கிடைத்ததே! மேஜைக்குப் போய் ஒரு முழுத் தாளில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். இது எங்கள் வீட்டுக் கடுமாங்காய்ப் பரணியின் அடிவட்டம், நல்லெண்ணெயால் ஆனது, உள்ளே இருப்பது மிளகாய்ப்பொடி, வெடி அல்ல. கையெழுத்துப் போட்டு டைரக்டரிடம் கொடுத்தேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அன்று அவர் கண்ணை மூடவில்லை.

"பரணி எங்கே இருந்தது?"

"எங்காத்துச் சமையல்கட்டுல சார்."

"தாள்?"

"பரணிக்கு அடியில."

"எத்தனை காலமா?"

"ஆறு வருஷமா இருக்கும்."

"அப்போ நிலையத்துக்குச் சொந்தமான ஒரு அதிரகசிய ஆவணத்தை ஆறு வருஷமா உங்க ஆத்துல ஒளிச்சு வச்சிருந்தேள்."

"சார், அது அப்போ அதிரகசியம் இல்லையே! விளம்பரத் தாள். யாரும் ஏத்துக்கலைன்னு கூடையில..."

"இப்போ அதிரகசியம். அதிரகசியம்னு ஆனா, அச்சடிச்ச அன்னிலேர்ந்தே அதிரகசியம்தான். விதி பன்னிரண்டு." அவர் ஒரு பெருமூச்சு விட்டார். "நன்னாக் கேட்டுக்கோங்கோ. இந்த வட்டம் எண்ணெய்னா, உங்களுக்கு வேலை போகும். பென்ஷன் போகும். ஜெயில்னுகூடச் சொல்லலாம், நான் சட்டம் படிச்சவன் இல்லை. இந்த வட்டம் சோனார்னா, இதோ இந்த டிராயர்." டிராயரைத் திறந்தார். என் ஃபைல் அப்படியே இருந்தது. "நான் உங்களை வற்புறுத்தலை. உண்மை எதுவோ அதை எழுதுங்கோ. எந்த உண்மைன்னு தீர்மானம் பண்ணிண்டு எழுதுங்கோ."

எனக்குக் கை நடுங்கியது. "சார், யாராவது ஒரு பையன் ஹெலிகாப்டர்ல உக்காந்துண்டு இந்த வட்டத்தை நம்பி சமுத்திரத்துல தேடினான்னா? அவன் உசுரு..."

டைரக்டர் முதல் தடவையாக என்னை அன்போடு பார்த்தார். "ஒரு பயமும் வேண்டாம். இது அறிக்கையிலதான் வரும். அறிக்கை அதிரகசியம். அதைப் படிக்க யாருக்கும் அனுமதி கிடையாது."

அந்த ஒரு பதிலில் எனக்கு உண்மையாகவே நிம்மதி வந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பழைய தாளைக் கிழித்தேன். புதுத் தாளில், மேற்படி வட்டம் சோனார் தேடும் பரப்பைக் குறிப்பதாகவும், அதன் குறுக்களவு ஏழரை அங்குலம் என்றும், சிவப்புப் புள்ளி கண்டறியப்பட்ட வெடி என்றும் எழுதினேன். எழுத்து எவ்வளவு அழகாக வந்தது தெரியுமா! பொய்யை எழுதும்போது எனக்குக் கை நடுங்கவே இல்லை. இந்தக் குறுக்களவை யாரிடமும், குடும்பத்தாரிடமும்கூட, வாய்விட்டுச் சொல்லமாட்டேன் என்று உறுதிமொழியிலும் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து, ஆபீசர் ஆயாச்சு என்று சொன்னேன்.

"நெஜமாவா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "வட்டத்தைப் பத்தி என்ன எழுதிக் கொடுத்தேள்?"

"அதைச் சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிண்டிருக்கா."

"என் பரணியைப் பத்தி என்கிட்டயே சொல்லப்படாதா?" என்றாள். நான் காப்பியைக் குடித்தேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. பாயசமும் வைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து டெல்லியிலிருந்து எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. கெட்டி அட்டை, கண்ணாடி மாதிரி வழவழப்பு, சுற்றிலும் தங்கக் கரை. என் பேருக்குப் பின்னால் தகவல் அதிகாரி என்று அச்சில் போட்டிருந்தது. சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்று கூடத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் எதிர்வீட்டு விஜயம் மாமி பார்க்க வந்தாள். மேஜையில் பத்திரத்தைக் காணோம்.

சமையலறையில் இருந்தது. மூன்றாம் தட்டில், பரணிக்கு அடியில்.

"தட்டு வெறுமன இருக்கப்படாதுன்னு அன்னிக்கே சொன்னேனே," என்றாள் சீதாலக்ஷ்மி, சாதத்தை வடித்துக்கொண்டே. "நீங்க வேற தாள் கொண்டுவரலை. இது நல்ல வழுவழுன்னு இருந்தது."

பரணியைத் தூக்கினேன். அதற்குள் வட்டம் விழுந்துவிட்டது. என் பேருக்கு நேர் கீழே, அச்சாக அதே வட்டம். பழக்க தோஷம், ஸ்கேலை எடுத்து அளந்தேன். எவ்வளவு என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

அதையே சட்டம் போட்டு வாசலில் பலகைக்குக் கீழே மாட்டியிருக்கிறேன். பலகை இப்போது முழு உண்மை. வெள்ளிக்கிழமைதோறும் சீதாலக்ஷ்மி ரெண்டையும் துடைக்கிறாள். துடைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். பலகை பொய்யாக இருந்த பதினோரு வருஷத்திலும் அந்தப் பார்வை இவ்வளவு நேரம் நீடித்ததில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் பத்திரத்தைப் படித்துவிட்டு வட்டத்தின்மேல் விரலை வைத்து, "இது டெல்லியில போட்ட முத்திரையா சார்?" என்று கேட்கிறார்கள்.

"ஆமாம்," என்கிறேன்.